அம்மாவின் பெருவிரலும் வாசலில் நின்ற பாக்சிக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மாவின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பணம் பெரிதாக இல்லை. மைகாட் எனும் அடையாள அட்டை போனதுதான் தலைவலி. அன்றே போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டையை நாமாகத் தொலைத்தால் முதல் தடவைக்கே 100 ரிங்கிட் தண்டம். பறிகொடுத்ததற்குப் போலீஸ் புகார் இருந்தால் தண்டம் கிடையாது.

பதிவு அலுவலகத்தில்தான் சிக்கல் தொடங்கியது. ஆளை உறுதிசெய்ய பெருவிரலைச் சின்னக் கண்ணாடி ஒன்றின் மேல் வைக்க வேண்டும். அம்மா வைத்தார், ஏற்கவில்லை. அழுத்தி வைத்தார், அப்போதும் இல்லை. முகப்பில் இருந்த பெண் பொறுமைசாலிதான். ஆனால் இயந்திரம் ஒப்புக்கொள்ளாமல் அவர் என்ன செய்வார்? சற்று உட்கார்ந்திருங்கள் என்றார்.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு கிளம்பி, மரம் மரமாகக் கத்தி பிடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை விரலாலேயே வழித்து வாளியில் ஊற்றியவர். பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா வேறு. ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு தோட்டத்தை விட்டு வந்தோம். கை மட்டும் அப்படியே இருக்கிறது. பெருவிரலின் நடுப்பகுதி வழவழவென்று கிடக்கும், ஓரத்தில் நீளவாக்கில் வெடிப்பு.

“ஏம்மா, விரலில் ஒன்றுமே இல்லையென்றால் அத்தனை வருஷம் சம்பளப் புத்தகத்தில் எதை வைத்துக் கைநாட்டுப் போட்டேன்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மையும் காகிதமும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

வாசலில் காவலுக்கு நின்ற மலாய்ப் பெரியவர், பாக்சிக் (மலாயில் மாமா), எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முன்னாள் இராணுவ வீரர்; சட்டை மடிப்புக் கலையவில்லை. சீருடைக்காரர் நேராக நம்மை நோக்கி வந்தால் தோட்டத்து ஆட்களுக்கு வயிறு கலங்கும். அம்மா எழுந்தே விட்டார். அவரோ குனிந்து, “மாக்சிக், கெத்தா வெட்டினீர்களா?” என்றார். மாக்சிக் என்றால் அத்தை; கெத்தா என்று ரப்பரைத்தான் கேட்டார். பாலிங் பக்கம் அவருடைய அம்மாவும் சொந்தத் துண்டு நிலத்தில் மரம் வெட்டியவராம்.

காவல் குடிலிலிருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினார். குழாய்த் தண்ணீர் கலந்து பதம் பார்த்த பிறகே அம்மாவின் பெருவிரல்களை அதில் நனைக்கச் சொன்னார். சற்று ஊறியதும் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தார். சட்டைப்பையில் வேசலின் டப்பா வைத்திருந்தார். அதில் கடுகளவு எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டார். வறண்ட தோலில் ரேகை விழாது, எண்ணெய் வழிந்தாலும் விழாது என்று விளக்கம். இவ்வளவும் எங்களை ஒரு பொருட்டாக மதித்துச் செய்தாரே தவிர, பாவம் பார்க்கிற தொனி துளியும் இல்லை.

புதிய வரிசை எண் எடுக்க வேண்டாமென்று அவரே முகப்புவரை வந்தார். கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி, “இடது கையை முதலில் பாருங்கள். நுனியால் குத்தாமல் தட்டையாக வைக்கட்டும்” என்றார். இடது பெருவிரலைக் கண்ணாடி ஏற்றுக்கொண்டது. வலது கடைசிவரை மசியவில்லை. ஒன்று போதும் என்று அந்தப் பெண் சிரித்தபடி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் அம்மா ஐந்து ரிங்கிட் நோட்டை நீட்டினார். பாக்சிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உன் அம்மா இருக்கிறாரா என்று அம்மா தன் தோட்டத்து மலாயில் விசாரித்தார். இருக்கிறார், இன்னும் திட்டுகிறார் என்றார் அவர். பிறகு இருவரும் ரப்பர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பஸ் போய்விடும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

புதிய மைகாட் வந்துவிட்டது. படத்தில் அம்மா முறைத்துக்கொண்டிருக்கிறார். அதை மாற்ற முடியுமா என்று கேட்கிறார்.