காண்டாக் கம்பும் 13 அங்குலக் குண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டு முன்வாசல் மேசையில், இரண்டு மாதங்களாக 13 அங்குல வாய் கொண்ட ஒரு மார்ட்டர் என்னும் குட்டைக் குழாய்ப் பீரங்கி 1/72 அளவு மாதிரியாக உருவாகி வருகிறது. 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையின்போது வடபகுதிப் படையினர் ரயில் தட்டுவண்டியில் ஏற்றிச் சுட்ட, ‘டிக்டேட்டர்’ என்று பெயர் பெற்ற, 7 டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கி அது. குழாய் வேலை சில நாள்களில் முடிந்துவிட்டது. குண்டுகளும் ஆட்களும்தாம் என்னைப் படுத்துகின்றன.

குண்டுக்கு மிளகைத் தேர்ந்தேன். 13 அங்குலம் என்பது 330 மில்லிமீட்டர். 72-ஆல் வகுத்தால் 4.6. கறுப்பு மிளகின் சுருக்கம் வார்ப்பிரும்புக்குப் பொருந்தாததால், வெள்ளை மிளகில் பெரியவற்றைப் பொறுக்கினேன். முதல் பன்னிரண்டையும் அவசரத்தில் அப்படியே வர்ணம் பூசி வைக்க, அடைமழை வாரத்தில் பூஞ்சை பிடித்து எல்லாம் நரைத்துப்போயின; இப்போது வெயிலில் காயவைத்து, வார்னிஷில் இருமுறை முக்கி எடுத்த பிறகுதான் வர்ணம். இவை உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டுகள் என்பதால், திரிக்குழலுக்குப் பல்குத்தியின் நுனியையும், கொக்கி மாட்டும் காதுகளுக்குப் பழைய மின்கம்பியின் செப்பு இழையையும் ஒட்டுகிறேன்.

உண்மையான குண்டு ஒன்று 90 கிலோவுக்கு மேல்; அதைக் கொக்கியில் மாட்டி, கம்பில் தொங்கவிட்டு இருவர் சுமந்தார்கள். கம்புக்குத் தென்னை ஈர்க்கு இருக்கிறது. ஆனால் பெட்டியில் வந்த பொம்மைகளோ அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல விறைத்து நிற்கின்றன. ரப்பர் தோட்டத்தில், தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. பாரம் ஏறிய உடம்பில் கழுத்து ஒரு பக்கம் ஒதுங்கும், முழங்கால் முழுதாக நிமிராது, அடி குறுகும், சும்மா இருக்கும் கைகூட விரிந்து ஆடும். ஆகவே இருவரையும் இடுப்பிலும் முழங்காலிலும் வெட்டி, மெல்லிய கம்பி செருகி வளைத்து, இடைவெளியை எப்பாக்ஸி பசையால் நிரப்பினேன். முன்னால் போகிறவன் ஒருவாறு அமைந்துவிட்டான்.

பின்னால் வருகிறவனை மூன்றாம் முறை வெட்டி ஒட்டிய அன்று, முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இவன் வாளியில பால் இல்லையே” என்றார்.