முதலில் தையல், அப்புறம் மடிப்பு

ஆள் போடுவதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய சட்டை. அதைக் காகிதங்களுக்கு நடுவே விரித்து, ஓரங்களைக் கையால் நீவி, எந்திரத்துக்குள் மெல்லத் தள்ளுகிறார்கள்.

ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற மடிப்பு உடைகள் ஜப்பானில் தயாராகும் வீடியோ. காலையில் இருந்து மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

காகிதமும் துணியும் விசிறி மாதிரி மடிந்து வெளியே வருகின்றன. காகிதத்தைப் பிரித்தால், போடும் அளவில் சட்டை!

வழக்கமாகத் துணியை மடித்துவிட்டுத்தான் தைப்பார்கள். மியாகே அதைத் தலைகீழாக்கினார். பாலியஸ்டர் என்பதால் சூட்டில் பதிந்த மடிப்பு துவைத்தாலும் கலையாது. இஸ்திரி வேண்டாம். சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். 1993-ல் வந்த உடை, இன்னும் பழசாகத் தெரியவில்லை.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு 7 வயது. கதிர்வீச்சால் மூன்று வருடத்துக்குள் அம்மா போய்விட்டார்.

பல காலம் அதைப் பற்றி அவர் பேசவே விரும்பவில்லை. உருவாக்கக்கூடியவற்றை, அழகும் மகிழ்ச்சியும் தருபவற்றை நினைக்கவே விரும்பியதாக 2009-ல் எழுதினார்.

அதைப் படித்த பிறகுதான் அந்த உடை ஏன் உடம்பை எங்குமே இறுக்குவதில்லை என்று யோசித்தேன். கையைத் தூக்கினால் மடிப்பு விரிகிறது. இறக்கினால் தானாக மூடிக்கொள்கிறது.

மியாகே 2022-ல் காலமானார்.

நாலாவது தடவை பார்க்கப் போகிறேன், அந்த ஓரம் நீவும் கைகளுக்காக.