மழை கழுவிக் காட்டிய தீர்வை நாள்

சவுத்வோல்ட் ஊரின் கிறிஸ்தவக் கோயில் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது முதலில் எனக்குப் படிக்க வரவில்லை. மேற்குச் சன்னலின் வளைவைச் சுற்றிப் பெரிய பெரிய எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு கிரீடம். வெள்ளைக் கல்லில் எழுத்து, ஒட்டினாற்போல் கறுத்துப் பளபளக்கும் சிக்கிமுக்கிக் கல். லத்தீனை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: புனித எட்மண்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

அப்படியே நின்றுவிட்டேன். அக்டோபர் மாதம் முழுக்க இரவுச் செபத்தில் அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்றாட்டு மாலை சொல்ல, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதுதான் நாங்கள் சொன்ன பதில். அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவளுக்காக எங்காவது போய்ச் செபிக்க வேண்டும் என்றுதான், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற சஃபோக் கவுண்டிக்கு வந்திருந்தேன். இந்தப் பக்கத்தை ஆண்டு, 869-இல் படையெடுத்து வந்த டேனியர் கையில் உயிர்விட்ட அரசர் எட்மண்ட். வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

உள்ளே கோயிலின் அகலம் முழுக்க ஒரு மரத் தடுப்பு. பீடப் பகுதியையும் மக்கள் நிற்கும் பகுதியையும் பிரிப்பது. அதன் கீழ்ப் பலகைகளில் அப்போஸ்தலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உடுப்பில் பொன் இன்னும் மின்னுகிறது. முகங்களில்தான் கீறல். எட்டாம் ஹென்றி மன்னர் 1534-இல் ரோமாபுரியோடு, அதாவது பாப்பரசரோடு, உறவை முறித்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில் சுரூபங்களை, அதாவது கோயில் சிலைகளை, இறக்கச் சொல்லி ஆணை வந்தது. ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு ஏறியது. சுமார் நூறு ஆண்டு கழித்து, அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, மிச்சம் இருந்ததையும் அழிக்கப் பாராளுமன்றத் தரப்பு ஆள் அனுப்பியது. சஃபோக்குக்கு வந்தவர் வில்லியம் டவுசிங். எந்தக் கோயிலில் எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதி வைத்தார்.

அங்கிருந்து பிளைத்பரோ அதிக தூரம் இல்லை. வழியில் பிளைத் ஆற்றின் சேற்றுவெளி. அதற்கு அந்தப்புறம் மேட்டில் கப்பல் மாதிரி ஒரு கோயில் தெரிகிறது. சதுப்புநிலத்தின் பேராலயம் என்று அதைச் சொல்கிறார்கள். ஊரோ ரொம்பச் சின்னது. ஒரு காலத்தில் ஆற்றில் கப்பல் வந்துபோன துறைமுகம். ஆறு தூர்ந்ததும் ஊர் தேய்ந்தது, கோயில் மட்டும் அதே அளவில் நிற்கிறது.

கதவைத் திறந்ததும் வெளிச்சம். வண்ணக் கண்ணாடி அநேகமாகப் போய்விட்டதால் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது. கூரையைப் பார்த்தேன். நீளமாகப் போகும் மரக்கூரையின் நடுவே, முதுகோடு முதுகாக, இறக்கை விரித்த சம்மனசுகள், மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள். மங்கிய சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலை, இடையிடையே இயேசுவின் பெயர் எழுத்துகள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். அப்புறம் பெஞ்சில் மல்லாந்து படுத்தும் பார்த்தேன். யாரும் இல்லை, தவறாகத் தோன்றவும் இல்லை.

1644 ஏப்ரலில் டவுசிங் இங்கே வந்தார். சம்மனசுகளை இறக்கச் சொல்லி உத்தரவும் போட்டார். அவை இறங்கவில்லை. அத்தனை உயரத்துக்கு யார் ஏறுவது? அவற்றின் உடம்பில் குண்டு துளைத்த ஓட்டைகள் உண்டு. டவுசிங்கின் ஆட்கள் சுட்டதுதான் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். உண்மையில் அந்தக் குண்டுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயிலுக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளைச் சுட கூலி கொடுத்ததாகக் கோயில் கணக்கிலேயே இருக்கிறது. டவுசிங்கை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் செய்யாத பழி அவர் மேல் வேண்டாம்.

வடக்குக் கதவில் கரிந்த தடங்கள் இருக்கின்றன. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு வழிபாட்டு நேரத்தில் பெரிய இடி விழுந்து, கோபுரத்தின் கூம்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே சரிந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். கறுப்பு நாய் உருவில் பிசாசு வந்து கீறிய நகத்தடம் அது என்பது ஊர்க்கதை. நான் அந்தப் பையனுக்காக ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

வென்ஹாஸ்டன் அங்கிருந்து இரண்டு மூன்று மைல்தான். வெளியே பார்த்தால் சாதாரணக் கிராமக் கோயில். இதற்காகத்தான் நான் கிளம்பியதே.

பழைய கோயில்களில் பீடப் பகுதிக்கு மேலே பெரிய பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசு, நிற்கும். இரு பக்கமும் மாதாவும் யோவானும். அதன் பின்னால் பொதுத்தீர்வை ஓவியம், உலக முடிவில் ஆண்டவர் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லும் நாள். வென்ஹாஸ்டனில் அதை மரப்பலகையில் தீட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு பூசப்பட்டு, முந்நூறு ஆண்டுக்கு மேல் அது வெறும் வெள்ளைப் பலகையாக இருந்தது. 1892-இல் கோயிலைப் பழுது பார்த்தபோது, பழைய பலகைதானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை. சுண்ணாம்பு கரைந்தது. அடியிலிருந்து முகங்கள் வந்தன.

இப்போது சுவரில் மாட்டியிருக்கிறது. வானவில்லின் மேல் ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். மிக்கேல் சம்மனசு ஆன்மாக்களை நிறுக்கத் தராசு பிடிக்கிறார், எதிரில் பசாசு வாதாடுகிறது. வலப்பக்க ஓரத்தில் பெரிய மீனின் வாய்போல நரகம். இடப்பக்கம் பேதுரு சிலரை வரவேற்கிறார். அரசர், அரசி, ஆயர், கர்தினால். எல்லாரும் அம்மணம். தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும், ஆள் யார் என்று தெரிவதற்காக.

ஆனால் என் கண் நின்றது வேறு இடத்தில். படத்தின் நடுவே ஒரு சிலுவை அளவுக்கு வெறும் பலகை. அதன் இரு புறமும் ஆள் உருவத்தில் இன்னும் இரண்டு வெற்றிடங்கள். சுரூபங்கள் அங்கே நின்றதால் ஓவியர் அவற்றைச் சுற்றித்தான் வண்ணம் பூசியிருக்கிறார். சுரூபங்கள் போய்விட்டன. இடம் இருக்கிறது. கிட்டே போனால் அந்த ஓரங்களில் வண்ணம் நின்ற கோடு தெளிவாகத் தெரியும்.

சிலுவை இருந்த அந்த வெறும் பலகையைப் பார்த்து முழந்தாளிட்டேன். அம்மாவின் செபமாலையை எடுத்து, துக்க தேவ இரகசியம் ஐந்தையும் மெதுவாகச் சொன்னேன். கடைசியில் மன்றாட்டு மாலை. இந்த முறை முன்மொழிவதும் நான், பதிலும் நான். எட்மண்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்ற வந்த ஒரு வயதான அம்மா, நான் முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எழுந்ததும், என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். எங்களுக்காகவும் வேண்டிக்கொண்டீர்களா என்றார்.

“ஆமாம்” என்றேன். வாளியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.