பள்ளம் உள்பக்கம்

பிப்ரவரி 19

இன்றும் கர்ப்பமாக இருக்கும் மகளும் துணைக்கு என் மனைவியும் ஆஸ்பத்திரியிலேயேதான். மாப்பிள்ளை இரவு ஒன்பதுக்கு வந்து குளித்துவிட்டு, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போனார். ரசம் நான் வைத்தது. புளி தூக்கல். பேரன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான். அவன் குறை சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

பேரனை டவுன் கேட் வழியாக, இங்கே பர்மிங்காம் பக்கத்தில் இருக்கும் பெரிய பூங்காவான சட்டன் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தில் இது மான் பண்ணை மாதிரி என்று வழியில் சொல்லித் தொலைத்துவிட்டேன். உள்ளே கால் வைத்ததிலிருந்து "மான் எங்கே தாத்தா?" வாத்து காட்டினேன், குளம் காட்டினேன். மான்தான் வேண்டுமாம். இப்போது இல்லையடா, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது என்றேன். "அம்மா வந்ததும் இருக்குமா?"

பிப்ரவரி 22

பழைய மான் பூங்காவின் கரையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பிர்ச் மரங்களுக்கு நடுவில், சருகு மூடி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு. மற்றவர்களுக்கு அது மேடு. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராகப் புலப்படத்தை வைத்துக்கொண்டு வரப்பு தேடியவனுக்கு அப்படித் தோன்றாது. தானாக வந்த மேடு இப்படி ஒரே சீராக ஓடாது. நடந்து பார்த்தேன். என் ஒரு எட்டு இரண்டரை அடி. மேல் அகலம் மூன்று எட்டு. பக்கத்திலேயே பள்ளம், தூர்ந்து தூர்ந்து இப்போது குழந்தை தாண்டும் ஆழம். பேரன் தாண்டினான், இருபது தடவை.

மாப்பிள்ளை போனில் தேடிக் கொடுத்ததும் நான் பார்த்ததும் ஒத்துப்போகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இந்த இடம் வாரிக் பிரபுக்களின் கைக்கு வந்தது. மான் வளர்த்து வேட்டையாட வளைத்துப் போட்டார்கள். மண்ணை வெட்டிக் கரை போட்டு, கரை மேல் பிளந்த ஓக் கட்டைகளை நெருக்கி நட்டு வேலி. இங்கிலாந்தில் பெரும்பாலான மான் பூங்காக்களுக்கு இதுதான் முறை.

ஒன்றுதான் உறுத்துகிறது. பள்ளம் உள்பக்கம் இருக்கிறது. நம் பக்கம் தோப்பைச் சுற்றி வெட்டினால் பள்ளம் வெளியேதான் இருக்கும், மாடு நுழையாமல் இருக்க. இங்கே தலைகீழ். மான் உள்ளேயிருந்து பாய வந்தால் முதலில் பள்ளத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கரை, கரைக்கு மேல் கட்டை. எவ்வளவு பெரிய மானாக இருந்தாலும் முடியாது. வெளியிலிருந்து வருபவனைத் தடுக்க வெட்டியதில்லை இது.

பிப்ரவரி 23

34 வாரம் வரை இழுத்தால் போதும் என்கிறார்களாம்.

பிப்ரவரி 25

இரவு ஒருவர்தான் கூட இருக்கலாமாம். இரண்டு நாளுக்கு முன் வேறு ஆள், வேறு விதி சொன்னார். இவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்திருக்கிறாள். எனக்கு ஆங்கிலம் வராது என்பதில்லை. கோபம் வந்தால் வராது. போனை வைத்துவிட்டுப் பார்க்குக்குப் போய்விட்டேன்.

மான் பூங்காக்களில் இன்னொரு தந்திரமும் வைத்திருந்தார்கள். வேலியில் ஓரிடத்தில் கட்டை உயரத்தைக் குறைத்து, வெளிப்பக்கம் மண்ணை ஏற்றிச் சமமாக்கிவிடுவார்கள். உள்பக்கம் மட்டும் ஆழமான பள்ளம். வெளியே திரியும் மான் சாதாரணமாக ஓடிவந்து உள்ளே குதித்துவிடும். திரும்பப் போக வழி கிடையாது. டியர் லீப் என்று பெயர். ராஜாவின் காட்டை ஒட்டி இப்படி ஒன்று வைக்க ராஜாவின் அனுமதி வேண்டும், ஏனென்றால் குதிப்பவை அவருடைய மான்கள்.

இங்கே அப்படி ஒரு இடம் இருந்ததா என்று கரையோரமாகவே தேடிப்போனேன். முழங்கால் வரை சேறு. சாதாரணப் பரிசோதனைக்கு என்றுதான் போனார்கள், பன்னிரண்டு நாளைக்கு முன்.

இதை எழுதியிருக்க வேண்டாம். இருக்கட்டும்.

பிப்ரவரி 26

தூக்கமில்லை. மணி 2.

பழைய மான் பூங்காக்கள் பெரும்பாலும் மூலை மழுங்கிய வடிவம். கூர்மையான மூலை அபூர்வம். காரணம் அழகெல்லாம் இல்லை, வேலிச் செலவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய பரப்பு சுமார் 2400 ஏக்கர். பழைய நில அளவைச் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆக 24,000. சதுரமாக வளைத்தால் சுற்றளவு 620 சங்கிலி. வட்டமாக வளைத்தால் 549. மிச்சம் 71 சங்கிலி, முக்கால் மைலுக்கு மேல். அவ்வளவு நீளத்துக்கு ஓக் மரம் வெட்டிப் பிளந்து நடுகிற கூலி மிச்சம்.

66 அடி, நூறு கண்ணி. 1620 வாக்கில் எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த சங்கிலி. வேலையில் சேர்ந்த புதிதில் என் மூத்த அளவர் அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார். அது பிறந்த நாட்டில் உட்கார்ந்து அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இவளை எழுப்பினால் பயந்துபோவாள்.

பிப்ரவரி 28

ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். பனிக்குட நீர் குறையவில்லை. பேரனுக்குத் தோசை, எனக்கு இரண்டு காபி.

இந்த இடத்தின் பட்டா கதையை எழுதியே ஆக வேண்டும். வாரிக் பிரபுக்கள் கையிலிருந்து ராஜா கைக்கு வந்தது. இதே ஊரில் பிறந்து எக்ஸிட்டரில் பிஷப்பாக இருந்த ஜான் வெசி, எட்டாம் ஹென்றியிடம் செல்வாக்குள்ளவர். 1528-இல் சாசனம் வாங்கிக் கொடுத்தார். பூங்கா ஊர்க்காரர்களுக்கு. மாடு மேய்க்கலாம், வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். வேட்டைக்கு ஊரையே திறந்துவிட்டால் மான் எத்தனை நாள் இருக்கும் என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

நம் கணக்கில் இது மேய்க்கால் புறம்போக்கு. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாக அது திறந்த வெளியாகவே கிடக்கிறது. என் தாலுகாவில் ஒரு ஏரிக்கு மூன்று முறை கல் நட்டேன். மூன்று முறையும் கல் நடந்து போனது. இங்கேயும் ஓரம் கடிக்கப் பார்த்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள். 1879-இல் ரயில் பாதையே நடுவில் புகுந்துவிட்டது. ஆனாலும் மிச்சம் 2400 ஏக்கர்! 1997 முதல் தேசிய இயற்கைக் காப்பகம் வேறு.

மார்ச் 1

பனி. வெளியே போகவில்லை. கரை எப்படியிருக்கும் இப்போது.

மார்ச் 3

குதிரைகளைப் பார்த்தோம். எக்ஸ்மூர் என்ற மட்டக்குதிரை. மாநிறம், மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு அப்பியது மாதிரி வெளுப்பு. புல்லையும் புதரையும் கட்டுக்குள் வைக்க விட்டிருக்கிறார்கள். பேரன் அவற்றை மான் என்று ஒப்புக்கொண்டான். பெரிய நிம்மதி.

ஹாலி மரங்கள் நிறைய. கீழ்க்கிளை இலையைப் பறித்தேன், ஓரமெல்லாம் முள், விரலில் ரத்தம். குச்சியால் மேல்கிளையை வளைத்துப் பறித்த இலையில் நுனியில் மட்டும் ஒரு முள். வாய் எட்டும் உயரம் வரைக்கும்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் புல் இல்லாதபோது அந்த மேல்கிளைகளை வெட்டிப் போட்டு மானைக் காப்பாற்றுவார்களாம். இரண்டு இலையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் இவள் போன். "என்னங்க, பையனை அந்தக் குளிரில் கூட்டிக்கிட்டு அலையறீங்களாமே." சளி பிடித்தால் அவனை வார்டுக்குள் விடமாட்டார்கள், தெரியாதா என்று கேட்டாள். தெரியும். வீட்டுக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சண்டை. அவள்தான் முதலில் வைத்தாள். அவளுக்கும் அழ இடம் வேண்டும்.

மார்ச் 4

தும்மல். எனக்குத்தான், அவனுக்கில்லை.

மார்ச் 5

மேற்குப் பக்கம் ரோமானியர் சாலை. இக்னீல்ட் தெரு என்று பெயர், பார்க்குக்குள் மட்டும் ஒன்றரை மைல். புல் மூடிய முதுகு ஒன்று நேராகப் போகிறது. ஓரங்களில் குழிகள், சாலைக்குச் சரளை தோண்டியவை. மானுக்கும் முந்தியது, ஆயிரம் வருஷம் முந்தியது. நடுவில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அந்த அளவர் யாரோ, கைகொடுக்க வேண்டும் போலிருந்தது.

டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும். மாப்பிள்ளையிடம் இப்போது எப்படிக் கேட்பது.

மார்ச் 6

காலை ஐந்துக்குப் போன் அடித்தது. கை நடுங்கியது. யாரோ பார்சல்காரர்.

மார்ச் 7

இரவில் பார்க் நடுவே சரக்கு ரயில் போகிறது. 1965-இலேயே பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள், சரக்கு மட்டும்தான். பேரன் விழித்துக்கொண்டு பெட்டி எண்ணுகிறான், சத்தத்தை வைத்தே. இன்று இருபத்தாறாம். பொய்யாகத்தான் இருக்கும். அப்புறம் கேட்டான்: "தாத்தா, பள்ளம் தூர்ந்துபோச்சே, இப்ப மான் வெளியே வரலாம்ல?"

வரலாம் என்றேன்.

33 வாரம், 2 நாள்.

மார்ச் 8

மணி 3.10. மாப்பிள்ளை கூப்பிட்டார். பேச்சு தெளிவாக இல்லை, கிளம்பி வாங்க மாமா என்பது மட்டும் கேட்டது. டாக்சி பதினைந்து நிமிடத்தில் வருமாம். பையனை எழுப்பிவிட்டேன், சட்டை போட்டாயிற்று. அவன் ஷூ ஒன்று கிடைக்கவில்லை. சேறோடு வாசலில்தான் கழற்றினோம்