தனி அறை: ஒரு காசெட்டின் நாட்குறிப்பு

ஜனவரி 6

அக்கா மகளுக்கு விடுதியில் தனி அறை கிடைத்துவிட்டது. கூடவே எங்கிருந்தோ ஒரு பழைய வாக்மேனும். "சித்தி, எனக்கு ஒரு காசெட் பதிஞ்சு தாங்க. இண்டி பாட்டும் வேணும், பியானோவும் வேணும்" என்றாள். இண்டி என்றால் பெரிய இசை நிறுவனங்களைச் சாராத கலைஞர்களின் பாட்டு. சி-60 காசெட் ஒன்று எடுத்து வைத்துவிட்டேன், பக்கத்துக்கு 30 நிமிடம். தனி அறையில் உருவான இசை மட்டும்தான் இதில் இருக்கப்போகிறது.

ஜனவரி 8

ஏ பக்கம் இரண்டு குளிர்காலங்கள். 1838-39இல் பியானோ இசையமைப்பாளர் ஷோபின் மயோர்க்கா தீவில், வல்டெமோசா மடாலயத்தில், ஓயாத இருமலோடு தங்கியிருந்தார். பாரிசிலிருந்து வரவேண்டிய ப்ளெயெல் நிறுவனத்தின் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு ஜனவரியில்தான் கைக்கு வந்தது. ப்ரெலூட் எனும் குட்டிப் பியானோ படைப்புகள் 24ஐ அங்கேதான் முடித்தார். 2006-07இல் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னான், இசைக்குழு கலைந்து உடம்பும் படுத்தியபின், விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போய்த் தனியாகப் பதிவு செய்ததுதான் போன் இவெர் என்ற பெயரில் வந்த முதல் ஆல்பம்.

15ஆவது ப்ரெலூட், உடனே அந்த ஆல்பத்தின் 'ஃப்ளூம்'. இந்த இரண்டையும் பிரிக்க எனக்கு மனமில்லை.

ஜனவரி 11

இன்று முழுக்க அந்த 15ஆவது ப்ரெலூடோடுதான். 'மழைத்துளி' என்று பெயர் வாங்கித் தந்த சுரம் முதலில் ஏ-ஃப்ளாட்டாக மெல்ல ஒலிக்கிறது. நடுப்பகுதியில் அதே கட்டைதான், இப்போது அதன் பெயர் ஜி-ஷார்ப். அடியில் இடது கை திரண்டு எழுந்து அறையையே நிறைக்கிறது. பதிவு அளவை அந்த உச்சத்துக்குத்தான் வைக்கவேண்டும், இல்லையென்றால் ஒலி கிழியும். ஆனால் அப்படி வைத்தால் தொடக்கம் டேப்பின் இரைச்சலில் அமுங்குகிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்து வரும் வெர்னானின் குரல் திடீரென்று மேலே பாயாமலிருக்க, அதை இரண்டு கோடு குறைத்தாயிற்று.

ஜனவரி 12

காசெட் பதியும் டெக்கின் பெல்ட் மாற்றினேன். பாட்டில் தெரியாத வேகத் தடுமாற்றம் பியானோவின் நீண்ட சுரத்தில் உடனே தெரிந்துவிடும். இப்போது சுருதி நிற்கிறது.

ஜனவரி 15

பி பக்கத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி. பாரிசை ஒட்டிய ஆர்க்கேய் ஊரில் 1898 முதல் 1925இல் இறக்கும்வரை அவர் குடியிருந்த அறைக்குள் நண்பர்கள் யாரையும் விட்டதில்லை. எல்லோரும் போடும் 'ஜிம்னோபெடி' வேண்டாம். அது 1888, அந்த அறைக்கு முந்தியது. 1919இன் முதல் நாக்டர்ன், அதாவது இரவு இசைதான் சரி. அப்புறம் ஜெர்மன் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராமின் 'ஃபெல்ட்' ஆல்பத்திலிருந்து ஒன்று. இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கப் பியானோவுக்குள் கம்பளித்துணி வைத்தார். மைக்கை மிக நெருக்கி வைத்ததால் சுத்தியல்களின் அசைவும் அவர் மூச்சும்கூடக் கேட்கும்.

ஃபில் எல்வெரம் மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடிய 'ரியல் டெத்' பற்றித்தான் வெகுநேரம் யோசித்தேன். மனைவி இறந்த அறையிலேயே, பெரும்பாலும் மனைவி வைத்திருந்த கருவிகளைக் கொண்டு எல்வெரம் பதிவு செய்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இதை அனுப்பலாமா? அலங்காரமே இல்லாத இந்தப் பாட்டை ஒதுக்கினால் தனிமையின் சுகமான பாதியை மட்டும் கொடுத்தவள் ஆவேன். வைக்கிறேன். ஆனால் கடைசியில் இல்லை, சாட்டிக்கும் ஃப்ராமுக்கும் நடுவில்.

ஜனவரி 17

பி பக்க முடிவில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நாடா மிச்சம். ஷோபினின் 7ஆவது ப்ரெலூட் பதினாறே பார் (தாள அளவு), ஏ மேஜர் சுருதி. அழகாகப் பொருந்திவிட்டது. உறைக்குள் அட்டையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரும் ஆண்டும் எழுதிவிட்டேன். நாளைக் காலை கூரியரில் போட்டுவிடுவேன்.