மொட்டை மாடிக் கணக்கு

பிப்ரவரி 22, சனி

எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு முடிந்தது. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். எங்கள் பள்ளிப் பெண் வெளியே வந்து முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, "டீச்சர், கண்ணாடியில பார்த்தா கடிகாரம் நாலு இருபது காட்டுது. உண்மையில எத்தனை மணி?" என்றாள்.

"ஏழு நாற்பது."

"அப்ப சரி." பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அவள் அம்மா கேட்டுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏப்ரல் வரைக்கும் இங்கதான் இருப்போமான்னு தெரியல டீச்சர்."

பிப்ரவரி 25

பெயிண்ட் டப்பாவுக்கு அலைந்தேன். கிடைத்தது. எச்.எம். மேடம் "எதுக்கு?" என்றார். குச்சி நட என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல மனுஷி.

பிப்ரவரி 28, வெள்ளி

அறிவியல் தினம். வழக்கமாக ஆப்பசோடா, வினிகர், சிவப்புக் கலர், எரிமலை. இந்த வருஷம் எரிமலை கிடையாது என்று சொன்னதும் ஆறாம் வகுப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. ராமன் தன் 'ராமன் விளைவை' 1928இல் இதே தேதியில் கண்டுபிடித்தார், அவர் படித்த மாநிலக் கல்லூரி நம் பீச் ரோட்டில்தான் இருக்கிறது என்று காலைக் கூட்டத்தில் ஐந்தே நிமிடம் பேசிவிட்டு எல்லோரையும் மாடிக்கு ஏற்றினேன்.

ஒரு மீட்டர் பிவிசி குழாய். டப்பாவில் சிமெண்ட் போட்டு நேராக நட்டிருக்கிறோம். தூக்குக்குண்டு ஏழாம் வகுப்புப் பையன் வீட்டிலிருந்து வந்தது, அவன் அப்பா கொத்தனார். திங்கள் காலை வேலைக்கு வேண்டும், அதற்குள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி. பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். இல்லை. அதற்கு அப்புறமும் குறைந்துகொண்டே போய் 12.20 வாக்கில்தான் நின்றது. 38 செ.மீ.யும் கொஞ்சமும்.

கடிகாரம் தப்பு என்று ஒரு கட்சி, குழாய் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கட்சி. தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார்கள், குழாய் நேர். என் செல்போனையும் ஆபீஸ் கடிகாரத்தையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் சரி. இதற்குள் உள்ளங்கால் பொரிந்துவிட்டது. இறங்கி வந்து அட்லஸை விரித்தேன். இந்தியா முழுவதுக்கும் நேரம் 82.5 டிகிரி தீர்க்கக் கோட்டின் கணக்கில் ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே 80.27இல். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 9 நிமிடம் தாமதம். மீதி 12 நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் நீள்வட்டத்தாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது, அது வருஷம் முழுக்க ஏறி இறங்கும். இதைச் சொன்னபோது பாதிப் பேர் ஜன்னல் வழியாகச் சோற்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மட்டும், "நாளைக்கும் அளக்கலாமா?"

நாளை சனிக்கிழமை.

மார்ச் 3, திங்கள்

சேர்க்கைப் பேரணி. பேனர், தப்பு மேளம், பிள்ளைகளின் கோஷம், நாங்கள் பின்னால் நோட்டீஸ் கட்டோடு. காலை உணவு, புத்தகம், சீருடை, கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. எல்லாம் அச்சடித்திருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் ஆயாவிடம் நான் மருத்துவப் படிப்பு பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது, "கக்கூசு சுத்தமா இருக்குமா?" நியாயமான கேள்வி. அடுத்த வாசலில், "வேன் வருமா?" பள்ளி அந்த வாசலிலிருந்து தெரிகிறது. இருந்தாலும் வேன்.

மூன்று பெயர் எழுதிக்கொண்டு வந்தோம். ஆற்றோரத் தெருவில் நோட்டீஸ் கொடுக்க வேண்டாம் என்று எச்.எம். சொல்லிவிட்டார். அங்கே, அவள் வீடு உட்பட, காலி செய்ய வேண்டிய வீட்டுச் சுவர்களில் நம்பர் போட்டாகிவிட்டது.

மார்ச் 7

ஆண்டு விழா. ஆறு மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஏழே முக்காலுக்கு வந்தார். அதுவரை ஒரே சினிமாப் பாட்டுக்கு நான்காம் வகுப்பு இரண்டு தடவை ஆடியது. கூட்டத்துக்கு இரண்டாவது தடவைதான் அதிகம் பிடித்தது.

மூன்றாம் வகுப்பின் காய்கறி நாடகத்தில் முருங்கைக்காயின் பச்சை சார்ட் இடுப்புக்கு மேலே கிழிந்து, உள்ளே ஸ்கூல் யூனிஃபார்ம் தெரிய ஆரம்பித்தது. அவன் ஒரு கையால் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரும்புச்சத்தைப் பற்றி முழு வசனத்தையும் சொல்லி முடித்தான். கத்தரிக்காய் வசனத்தை மறந்தபோது அதையும் இவனே சொன்னான். பரிசுப் பட்டியலில் இவன் பெயர் இல்லை. முழு வருகைக்கு, கையெழுத்துக்கு, சிலம்பத்துக்கு எவர்சில்வர் டப்பாக்கள். ஒரு டப்பா மிச்சமிருந்தது. எச்.எம். மைக்கைப் பிடித்து "முருங்கைக்காய்" என்று கூப்பிட்டார்.

அவளுக்குக் கணக்குக்கு ஒரு டப்பா. அம்மா வரவில்லை.

மார்ச் 11

மாடியில் நிழல் 30 செ.மீ. ரிசல்ட் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

மார்ச் 14

பரிட்சைத் தாள் தயாரிப்பு. தலைவலி.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்காக மூன்று வாரமாகக் காத்திருந்தேன். இரவும் பகலும் சமமாகும் நாள், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. மேகம் வந்துவிடுமோ என்று காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. 12.16க்கு 23 செ.மீ.

கீழே வந்து கிராஃப் தாளில் வரையச் சொன்னேன். நிமிர்ந்த கோடு 10 செ.மீ., அடியில் படுத்த கோடு 2.3. நுனிகளைச் சேர்த்து, மேல் முனையில் பாகைமானி வைத்துக் கோணம் அளக்க வேண்டும். பன்னிரண்டு வந்தது சிலருக்கு, பதினைந்து வந்தது ஒருவனுக்கு, பலருக்குப் பதின்மூன்று. அவள் கரும்பலகையில் எழுதி வட்டம் போட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் அட்லஸைத் திறந்து வைத்தேன். தமிழ்நாடு பக்கம். எல்லாத் தலைகளும் அதன்மேல். கொத்தனார் மகன்தான் முதலில் கண்டுபிடித்தான்: "டீச்சர், சென்னை பதிமூணுல இருக்கு!"

சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் இன்று இந்தக் கோணமும் ஊரின் அட்சரேகையும் ஒன்றுதான். பிவிசி குழாயும் டேப்பும் வைத்து, இந்த ஊர் உலகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மொட்டை மாடியில் நின்றே கண்டுபிடித்துவிட்டார்கள். என் கல்லூரிப் பேராசிரியர் யாரும் எனக்கு இதைச் செய்து காட்டவில்லை. சாயங்காலம் ஆட்டோவில் வரும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

அவள் கேட்டது: "பெரும்பாக்கத்துலயும் பதிமூணுதானா?" ஆமாம் என்றேன். கிட்டத்தட்ட அதேதான். அவள் தெருவுக்கு அங்கேதான் மாற்று வீடு.

மார்ச் 26, புதன்

காலை உணவில் பொங்கல் போடும் நாள். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்பு தூணோரம் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கும். சமைக்கும் அக்கா இன்று ஒன்றும் பேசாமல் கரண்டியை அந்தப் பக்கம் நீட்டினார். நானும் ஒன்றும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1

இரவு பதினொன்று. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. அவள் எப்படியும் போகத்தான் வேண்டும். போவது கவலையில்லை. எங்கே போய்ச் சேருவாள் என்பதுதான். உதவித்தொகை கிடைத்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ எதுவானாலும் சரி, பெரும்பாக்கத்தில் சேர்ந்தாலும் பணம் வரும். ஆனால் சேர வேண்டும். குடி பெயர்ந்து போகும் வீடுகளில் முதல் இரண்டு மாதம் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குப் பழைய இடத்தில்தான் வேலை, விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? வீட்டில் இருக்கும் பெரிய பெண். "ஜூலையில சேர்த்துக்கலாம்." ஜூலை ஆகஸ்ட் ஆகும். போன முறை போன தெருவில் இரண்டு பெண்கள் அப்படித்தான் நின்றார்கள். அதில் ஒருத்தியை ஒரு துணிக்கடை வாசலில் பார்த்தேன், டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பேசினாள்.

அவள் தங்கையும் இங்கே இரண்டாம் வகுப்பு. அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் போனால் ஜூனில் வகுப்பறைகள் எப்படி இருக்கும் என்று எச்.எம். ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார். தாளை என்னிடம் காட்டவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, தலைகீழாகப் படித்தேன்.

ஏப்ரல் 2

நேற்று எழுதியது அழுமூஞ்சித்தனம். போகட்டும்.

ஏப்ரல் 10

நிழல் 9 செ.மீ., இப்போது டப்பாவின் சிமெண்டுக்கு மேலேயே விழுகிறது. தரையில் புள்ளி வைக்க முடியவில்லை. கொத்தனார் மகன், "கொழாய் உள்ள ஓட்டைதானே டீச்சர், புடுங்கிட்டு நேரா தொங்க விடுவோம். வெயில் உள்ள பூந்து கீழ வட்டமா விழுற அன்னிக்கி நிழல் இல்லன்னு அர்த்தம்" என்றான். இதற்கு நான் பதவி உயர்வு கொடுக்க முடிந்தால் கொடுப்பேன்.

இன்று நாளைக்குள் கன்னியாகுமரிப் பக்கம் நிழலில்லா நாள், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்படியே வடக்கே ஏறி வந்து, நமக்கு 24ஆம் தேதி. "தில்லிக்கு எப்போ?" என்றாள். கடக ரேகைக்கு மேலே இருக்கும் ஊருக்குக் கிடையவே கிடையாது. "தில்லிக்கே கிடையாதா!" அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

மாடியில் நின்றால் பரங்கிமலை தெரிகிறது. 1802இல் இதே ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்தது அதன் அடிவாரத்தில்தான் என்று கை காட்டினேன். "அவருக்கும் கால் சுட்டிருக்குமா?" ஷூ போட்டிருப்பார் என்று ஐந்தாம் வகுப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஏப்ரல் 12

ரிசல்ட் வந்துவிட்டது. பட்டியலில் இருக்கிறாள். மாநிலம் முழுக்க 6,695 இடம், அதில் அவள் நம்பர்.

மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஏப்ரல் 15

பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர், ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதல். வங்கிப் புத்தகத்தில் எச் இல்லை, முன்னெழுத்தும் இல்லை. உதவித்தொகை போர்ட்டலில் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். 180 கேள்விக்கு விடை எழுதிய பெண் இப்போது ஒரு எச்சைத் தேடி அலைய வேண்டும். ஆதாரைத் திருத்தலாம் என்றால், இந்த விலாசத்திலா புது விலாசத்திலா? புது விலாசம் இன்னும் யாருக்கும் தெரியாது. கதவு நம்பர் சாவி கொடுக்கும்போதுதான் தெரியுமாம்.

அம்மா வந்தார். ரிசல்ட்டைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "மாசம் ஆயிரமா, மொத்தமா வருமா?" என்றார். மொத்தமாக வரும் என்றேன். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். எந்தக் கணக்கு என்று கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 17

சின்னப் பிள்ளைகளுக்குக் கடைசி நாள். முருங்கைக்காய் டப்பாவில் மாங்காய் பத்தை கொண்டுவந்திருந்தான். உப்பு, மிளகாய்த்தூள் தாராளம்.

ஏப்ரல் 21

எச் திருந்தியது. ரசீது கையில். பழைய விலாசத்திலேயே.

ஏப்ரல் 23

சாவி வெள்ளிக்கிழமை கொடுக்கிறார்களாம். லாரி சொல்லியாயிற்று. ஒன்பதாம் வகுப்புக்கு அங்கே இருக்கும் பள்ளிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அதுக்கென்ன டீச்சர், பார்த்துக்கலாம்" என்றார் அம்மா. பார்த்துக்கலாம் வேண்டாம்மா, தேதி சொல்லுங்க என்றேன். மே 5 என்றார். எழுதிக் கையெழுத்து வாங்காத குறை.

நாளை கடைசிப் பரிட்சை. விடைத்தாள் கட்டி முடித்ததும் எல்லோரும் மாடிக்கு, 12.07க்கு. தூக்குக்குண்டு அவன் அப்பாவோடு மேடவாக்கத்தில் வேலையில் இருக்கிறதாம். ராத்திரிக்குள் வந்துவிடும் என்கிறான்.