ஐந்நூறு புதிர் வேண்டாம், ஒரு பட்டறைக் கணக்கு போதும்

போன வாரம் பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து நியமனக் கடிதம் வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் கடின உழைப்பு, தன்னம்பிக்கை என்று பேச ஆரம்பித்துவிடுவேன். கல்லூரி வளாகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. சேலத்திலோ ஈரோட்டிலோ ஒரு சின்ன நிறுவனத்தில் ஓரிரு ஆண்டு குப்பை கொட்டிவிட்டு, அடுத்து எங்கே தாவலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எத்தனை சுற்று, எதில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் நான் பணம் கட்டிய பயிற்சி மையத்தில் ஒரே பாட்டுதான்: லீட்கோடு என்ற நிரல் பயிற்சித் தளத்தில் ஐந்நூறு புதிர் முடித்துவிட்டு வா, பிறகு பேசலாம். அந்தப் புதிர்கள் இணையவழிச் சோதனையைத் தாண்ட உதவின, மறுக்கவில்லை. அதற்குப் பிறகு நேரில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் யாரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுயவிவரத்தின் கடைசியில் இடம் நிரப்புவதற்காக நான் சேர்த்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டார்கள்: 'வெள்ளிப் பட்டறைக்கான இருப்புக் கணக்குச் செயலி.'

சித்தப்பாவுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்க வேண்டும். நடுவில் குறைவது சேதாரம். அது போக எவ்வளவு பாக்கி, கூலி எவ்வளவு என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதைத்தான் செயலியாக மாற்றிக் கொடுத்தேன். முதலில் எடையை எல்லாரும் செய்வதுபோல் தசமப் புள்ளி வைத்த எண்ணாகவே (ஃப்ளோட்) வைத்திருந்தேன். மாதக் கடைசியில் சித்தப்பா கூப்பிட்டார். "கணக்கை முடித்துவிட்டுப் போன ஆளின் பெயர் ஏன் கண்ணு இன்னும் பாக்கிப் பட்டியலில் நிற்கிறது? பாக்கி சைபர் என்றுதானே காட்டுகிறது?"

திரையில் சைபர்தான். உள்ளே சைபர் இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் கணினி 0.30000000000000004 என்று சொல்லும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் நீள்வதைப்போல, பத்தில் ஒரு பங்கு, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் முடியாமல் நீள்கிறது. கணினி அதை ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டில் மிஞ்சிய துளிதான் அந்த மனிதரைக் கடன்காரராக நிறுத்தி வைத்திருந்தது. எல்லா எடையையும் மில்லிகிராமாக்கி முழு எண்ணில் போட்டேன். பட்டறையில் 'மில்லி' என்றுதானே பேசுகிறார்கள், கணக்கும் அவர்கள் பேச்சுக்கே வந்துவிட்டது.

நேர்காணலில் முதல் கேள்வியே இதுதான். எடையை எப்படிச் சேமிக்கிறீர்கள்? சொன்னேன். ஏன்? சொன்னேன். 32 பிட் (32 இரும இலக்கம்) முழு எண் என்றால் எவ்வளவு வெள்ளி வரை தாங்கும்? உச்ச எண் 2147483647. மில்லிகிராமில் பார்த்தால் 2147 கிலோ. உங்கள் சித்தப்பாவுக்குப் போதுமா என்று கேள்வி கேட்டவர் சிரித்தார். அதோடு விடவில்லை. பட்டறையில் சிக்னல் தடுமாறி, ஒரே பதிவை ஒருவர் இரண்டு முறை அழுத்திவிட்டால்? பதிவு எண்ணைத் தொலைபேசியிலேயே உருவாக்கி, அட்டவணையில் அது ஒருமுறைக்கு மேல் நுழையாதபடி கட்டுப்பாடு வைத்திருக்கிறேன் என்றேன். இருப்பில் கழித்தபின், தொழிலாளி கணக்கில் ஏற்றுவதற்குள் மின்சாரம் போனால்? இரண்டும் ஒரே டிரான்ஸாக்ஷன், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் இல்லை. இருவர் ஒரே நேரத்தில் ஒரே இருப்பிலிருந்து எடுத்தால்? அட்டவணையில் அந்த இருப்பின் வரியை மற்றவர் தொடாதபடி பூட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டும். பட்டியல் பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது? ஆளுக்கொரு வினவலாகத் தரவுத்தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் போட்டு ஒரே வினவலாக்கினேன். மொத்த நேரமும் இப்படியே போயிற்று. புதிர்த் தளங்களில் வருவதுபோல், தரவைக் கிளைகிளையாக அடுக்கிய ஒரு மரத்தைக்கூடத் தலைகீழாக்கச் சொல்லவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: நிஜமான ஒரு மனிதர் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ஒரு சின்னச் செயலியைச் செய்யுங்கள். அம்மாப்பேட்டையில் தறிக் கணக்கு, செவ்வாய்ப்பேட்டையில் மண்டிக் கணக்கு, எதுவாக இருந்தாலும் சரி. யூடியூபைப் பார்த்துச் செய்த மாதிரிக் கடைச் செயலியில் யாரும் கணக்கை முடித்துவிட்டுப் போவதில்லை, அதனால் அதில் இந்தக் கேள்விகளுக்குப் பதிலும் கிடைக்காது.

படிக்கும் முறை அவரவர் சுபாவம். எனக்குக் கூட்டம் ஆகாது. குழுவாகப் படிப்பவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஏற்காட்டில் அறை எடுத்துப் படித்தால் மண்டையில் ஏறும் என்று ஒரு நண்பன் அழைத்தான். இருபது கொண்டை ஊசி வளைவில் எனக்கு ஏறியது வேறு, அந்த நாள் அத்தோடு சரி. விடிகாலையில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு, நிரலின் ஒவ்வொரு வரியிலும் மாறிகளின் மதிப்பைக் கையால் எழுதிப் பார்ப்பேன். என் ஆங்கிலம் தடுக்கி விழும். அதனால் சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதி, வரிசையைச் சரிசெய்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினேன். இலக்கணத்தை யாரும் திருத்தவில்லை.

மற்றவை, வேறு நேர்காணல்களில் கேட்கப்பட்டவரை:

- உள்ளீடு ஒரு லட்சம் என்றால் இரட்டைச் சுழல் (சுழலுக்குள் இன்னொரு சுழல்) ஆயிரம் கோடி படிகள். எழுதத் தொடங்கும் முன் அளவைக் கேளுங்கள்.
- வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக்கித் தேடும் பைனரி தேடலில், நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால், பெரிய எண்களில் கூட்டல் முழு எண்ணின் உச்சத்தைத் தாண்டி வழிந்துவிடும். ஜாவா நிரல்மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் கிடந்தது. 2006-இல்தான் பரவலாகப் பேசப்பட்டது. தாழ்முனையோடு வித்தியாசத்தின் பாதியைக் கூட்டுங்கள்.
- அட்டவணையிலிருந்து இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுப்பது: முதலிடத்தில் இருவர் இருந்தால் என்ன செய்வது, இரண்டாவதே இல்லையென்றால் என்ன செய்வது. கேள்வியின் உயிர் இங்கேதான்.
- இணையச் சேவையகம் திருப்பும் பிழை எண்கள்: 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 403 என்றால் தெரியும், ஆனால் அனுமதி இல்லை.
- தரவுத்தளத்தில் தேடலை வேகமாக்கப் போடும் இன்டெக்ஸை ஆள், தேதி என்ற வரிசையில் போட்டால், அது தேதியை மட்டும் வைத்துத் தேடும்போது பெரும்பாலும் கைகொடுக்காது.
- ஹாஷ்மேப் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அமைப்பு) எப்போதும் ஒரே வேகம் என்று சொல்லாதீர்கள். சராசரியில்தான். எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தால் வேகம் போய்விடும். அதற்காகத்தான் ஜாவா 8 அந்த நீண்ட பட்டியலை மரமாக மாற்றுகிறது.

வீட்டிலிருந்து நேர்காணல் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று முந்தைய நாள் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். நேரில் வரச் சொன்னால் இரவு பஸ்ஸில் போய் ஓசூர் நெரிசலில் விடியாதீர்கள். முந்தைய பகலிலேயே போய்விடுங்கள். தூங்காத முகத்தோடு டிரான்ஸாக்ஷன் விளக்க முடியாது.

மனிதவளச் சுற்று பற்றி ஒன்றே ஒன்று. எனக்கு இதற்கு முன்பும் ஒரு நியமனக் கடிதம் வந்திருக்கிறது. சேரும் தேதி இல்லாத கடிதம். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் 'விரைவில் தெரிவிக்கிறோம்' என்றே பதில் வந்தது, கடைசியில் பதிலே நின்றுபோனது. அப்படி ஒரு கடிதத்தை நம்பி என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருந்த வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை தேதி, இடம், சம்பளப் பிரிவு மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். பணியிலிருந்து விடுவித்ததற்கான சான்றைப் பழைய நிறுவனம் இன்னும் தரவில்லை. நாளைக் காலை மறுபடியும் போய் நிற்க வேண்டும்.